பட்டர்வொர்த் சகோதரிகளின் ஏழாவது தட்டு

மழைச் சத்தத்துக்கு நடுவே அந்தக் குரல் கேட்டபோது சிவகாமசுந்தரி சைக்கிளை விட்டு இறங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கால் தரையில், ஒரு கால் பெடலில். அப்படியே நின்றுவிட்டாள்.

வீட்டுக்குள் கிராமபோன் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பெண்கள் சேர்ந்து பாடினார்கள். பின்னால் அக்கார்டியன் துள்ளியது.

‘போட்டு போயிடுச்சு மாமா – உன்
கோட்டு நனைஞ்சிடுச்சு மாமா…’

“பிடான், சீக்கிரம் வாங்க! அவளால தாங்க முடியல!” வாசற்படியிலிருந்து பொன்னுதுரை மலாயில் கத்தினான். தெப்பலாக நனைந்திருந்தான். கிளினிக்குக்கு ஓடிவந்து அவளைக் கையோடு அழைத்து வந்தவன் அவன்தான்.

சிவகாமசுந்தரி பையை எடுத்துக்கொண்டு படியேறினாள். நெஞ்சு படபடத்தது. அந்தப் படபடப்பு பிரசவத்துக்காக வந்ததல்ல என்று அவளுக்கே தெரிந்தது.

மலாக்காவில் காஜா பெராங் வட்டாரத்துக்கு நகராட்சி நியமித்த மருத்துவச்சி அவள். தமிழர்கள் மிஸ்ஸி என்பார்கள், மற்றவர்கள் பிடான் என்பார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சம்பளத்தில் வீட்டு வாடகை போக மிஞ்சியது பெரும்பாலும் இசைத்தட்டுகளாக மாறியது. அதுவும் ஒரே பாடகிகளின் இசைத்தட்டுகள்.

யுத்தத்துக்கு முன்னால் பட்டர்வொர்த் சகோதரிகள் என்று இரண்டு பேர் பாடிக்கொண்டிருந்தார்கள். தமிழ்ப் பாட்டை ரும்பா மெட்டிலும் மலாய்க்காரர்களின் குரொஞ்சோங் மெட்டிலும் பாடுவார்கள். அக்காவுக்குக் கனத்த குரல். தங்கைக்குப் பாட்டின் நடுவிலேயே சிரித்துவிடும் பழக்கம். பள்ளிக்கூடம் படிக்கும்போது மலாக்காத் திடலில் நடந்த பொருட்காட்சியில் அவர்களை ஒரே ஒரு தடவை பார்த்தாள் சிவகாமசுந்தரி. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. அவர்கள் மொத்தம் ஏழு தட்டுகள் வெளியிட்டார்கள். நீல லேபிள், அதில் ஒரு வெள்ளைக் கொக்கு. ஏழாவது தட்டு சிங்கப்பூரில் கடைக்கு வந்த சில வாரங்களிலேயே ஜப்பான்காரன் குண்டு போட்டான். கிடங்கோடு எரிந்துபோனது என்றார்கள். சகோதரிகள் என்ன ஆனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஆறு தட்டுகள் அவளிடம் இருந்தன. ஏழாவதைத் தேடி அவள் போகாத இடமில்லை. பிரசவம் பார்த்த வீடுகளில் பரணைப் பார்ப்பாள், பானை மூடியைப் பார்ப்பாள். யுத்த காலத்தில் தட்டுகளைச் சட்டிக்கு மூடியாகப் போட்டவர்கள் நிறையப் பேர். யாரோ சொன்னார்கள் என்று மூவார் வரை பஸ் ஏறிப் போய், வேறு எதையோ வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறாள். ஜாலான் பெண்டஹாராவில் கிராமபோன் கடை வைத்திருக்கும் அப்துல் கய்யூம், “மிஸ்ஸி, அந்தத் தட்டு உலகத்துலயே இல்ல. மறந்துடுங்க,” என்று பல தடவை சொல்லிவிட்டார்.

அது இங்கே, அவள் தினமும் சைக்கிளில் கடந்துபோகும் ஒரு செட்டி வீட்டில் பாடிக்கொண்டிருந்தது.

பொன்னுதுரையும் அவன் மனைவி பாக்கியலட்சுமியும் மலாக்காச் செட்டிகள். பெயர் தமிழ், கும்பிடும் சாமி தமிழ்ச் சாமி, வீட்டில் பேசுவது மட்டும் மலாய். தமிழ் அவர்கள் காதில் விழுவதெல்லாம் கோவிலில்தான்.

அறைக்குள் பாக்கியலட்சுமி பாயில் கிடந்தாள். தலைப்பிரசவம். வலியில் முகம் வெளுத்திருந்தது. ஆனால் கண்களை மூடி, பாட்டின் தாளத்துக்கு மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். கைகள் நெஞ்சின் மேல் கூப்பியிருந்தன.

“அம்மன் பாட்டு,” என்று பொன்னுதுரை மெதுவாகச் சொன்னான். “எங்கப்பா பழைய சாமான் கடையில வாங்கினது. அவளுக்குப் பயம் வந்தா இதைப் போட்டாத்தான் அடங்கும்.”

பாட்டு முடிந்தது. ஊசி கரகரவென்று உள்வட்டத்தில் சுற்றியது.

“பசாங் லாகி,” என்றாள் பாக்கியலட்சுமி. மறுபடி போடு.

பொன்னுதுரை கைப்பிடியைச் சுற்றிவிட்டு ஊசியைத் தட்டின் மேல் தொப்பென்று போட்டான். சிவகாமசுந்தரிக்குத் தன் முதுகிலேயே கீறியதுபோல் இருந்தது. கையைக் கழுவிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். ஊசி முனை மழுங்கிப்போயிருந்தது. தட்டின் வரிகளில் சாம்பல் நிறத்தில் பொடி படிந்திருந்தது. பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது அரக்கு, அரக்கோடு சேர்ந்து பாட்டு. இன்னும் பத்துப் பதினைந்து தடவை போட்டால் அதில் குரலே மிஞ்சாது.

பாக்கியலட்சுமியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். தலை இருக்க வேண்டிய இடத்தில் தலை இல்லை. விலா எலும்புக்குக் கீழே உருண்டையாக, கெட்டியாக இருந்தது. உள்ளே பரிசோதித்ததும் சந்தேகம் தீர்ந்துவிட்டது. குழந்தை பிட்டத்தை முன்னால் காட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தது. வழி இன்னும் முழுதாகத் திறக்கவில்லை.

அவள் பொன்னுதுரையை வெளியே அழைத்தாள்.

“குழந்தை திரும்பியிருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். முச்சந்திக் கடையில போன் இருக்குல்ல? ஓடுங்க. ஆம்புலன்ஸ் கேளுங்க. பிடான் சொன்னாங்கன்னு சொல்லுங்க.”

அவன் முகத்தில் ரத்தமே இல்லை. “சாகமாட்டாள்ல?”

“ஓடுங்க!”

அவன் மழைக்குள் ஓடினான். உள்ளே பாட்டு இரண்டாம் சரணத்துக்கு வந்திருந்தது. தங்கை சிரிக்கப்போகிற இடம் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். நினைத்த இடத்திலேயே சிரிப்பு வந்தது. ஆனால் அந்தச் சிரிப்பின் மேல் மணலைக் கொட்டியதுபோல் இரைச்சல்.

சிவகாமசுந்தரி போய் ஊசியைத் தூக்கினாள்.

பாக்கியலட்சுமி கண்ணைத் திறந்தாள். “ஏன்?”

“சத்தம் வேண்டாம். இந்த நேரத்துல உங்களுக்கு அமைதி வேணும்.”

அது பொய். எந்த மருத்துவப் புத்தகத்திலும் அப்படி இல்லை. ஆனால் வெள்ளைச் சீருடை போட்டவள் சொல்கிறாள், பிள்ளை பெறுகிறவள் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். சிவகாமசுந்தரி தட்டைக் கழற்றினாள். நீல லேபிள், வெள்ளைக் கொக்கு. வைப்பதற்கு உறை எதுவும் இல்லை. பைக்குள் பிறக்கும் குழந்தையைச் சுற்ற வேகவைத்துக் காயவைத்த துணி இருந்தது. யோசிக்கவேயில்லை. அந்தத் துணியில் தட்டைச் சுற்றி, ஜன்னல் சாரல் படாத மூலையில் சுவரோரமாகச் சாய்த்து வைத்தாள்.

திரும்பியபோது பாக்கியலட்சுமி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வலி வந்தது. இப்போது மூச்சுக்குத் தாளம் இல்லை. பாக்கியலட்சுமி பாயைப் பிய்த்தாள், தலையை இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டாள். நாடி குதிரைபோல் ஓடியது. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு முக்கத் தொடங்கினாள்.

“ஜாங்ஙான் தெரான்! முக்காதீங்க! இப்ப முக்கக்கூடாது!”

கேட்கவில்லை. கேட்கும் நிலையில் அவள் இல்லை. வழி திறக்கும் முன்னால் முக்கினால் உடம்பு வந்துவிடும், தலை உள்ளே மாட்டிக்கொள்ளும். அப்படி மாட்டிக்கொண்ட ஒரு குழந்தையைச் சிவகாமசுந்தரி பயிற்சிக் காலத்தில் பார்த்திருக்கிறாள். மறக்க முடியாத காட்சி அது.

“என்னைப் பாருங்க. வாயைத் திறந்து ஊதுங்க. ஊதுங்க!”

“அம்மன் போயிட்டா,” என்று பாக்கியலட்சுமி அழுதாள். “நீங்க நிறுத்திட்டீங்க. அம்மன் போயிட்டா.”

சிவகாமசுந்தரி எழுந்தாள். மூலையில் சாய்த்து வைத்திருந்ததை எடுத்தாள். துணியை உருவி, குழந்தைக்கென்று வைத்திருந்த இடத்தில் போட்டாள். தட்டைக் கிராமபோனில் வைத்து, கைப்பிடியைச் சுற்றி, அந்த மழுங்கின ஊசியைத் தன் கையாலேயே இறக்கினாள்.

‘போட்டு போயிடுச்சு மாமா…’

பாக்கியலட்சுமியின் விரல்கள் மெல்லத் தளர்ந்தன. வாய் திறந்தது. அக்கார்டியன் துள்ளத் துள்ள மூச்சை ஊதினாள். வலி வந்தது, போனது. முக்கவில்லை.

பாட்டு முடிந்தது. சிவகாமசுந்தரி மறுபடி போட்டாள். அதன்பிறகு எத்தனை தடவை போட்டாள் என்று அவளுக்கு நினைவில்லை. ஒரு கை நாடியில், ஒரு கை கிராமபோனில். ஒவ்வொரு தடவையும் அக்காவின் குரல் இன்னும் கொஞ்சம் கரைந்தது. தங்கையின் சிரிப்பு முதலில் மூச்சானது, பிறகு அதுவும் இல்லாமல் போனது.

பொன்னுதுரை மூச்சிரைக்க உள்ளே வந்தான். “ஆம்புலன்ஸ் அலோர் காஜா பக்கம் போயிருக்காம். வர நேரமாகுமாம்.”

“சரி. இங்கேயே பார்த்துக்கலாம். நீங்க பாட்டை விடாம போடுங்க. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தக்கூடாது.”

அவன் கைநடுக்கத்தில் ஊசி ஒரு தடவை தட்டின் குறுக்கே சர்ரென்று இழுபட்டது. சிவகாமசுந்தரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வழி முழுக்கத் திறந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இப்ப. இப்ப முக்குங்க.”

பிட்டம் வந்தது. ஒரு கால், இன்னொரு கால். கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டிய நேரம் அது. இழுத்தால் கெட்டுவிடும். இழுக்காமல் பார்த்துக்கொண்டு இருப்பதற்குத்தான் தைரியம் வேண்டும். தோள்பட்டை தெரிந்ததும் துணியால் சுற்றிப் பிடித்தாள். ஒரு கை, மறு கை. உடம்பு தன் கனத்தில் தொங்கியது. பிடரியில் முடி தெரிந்தது. பாதங்களைப் பிடித்து மேலே வளைத்துத் தூக்கினாள். வாய், மூக்கு, நெற்றி.

பெண் குழந்தை. நீலம் பூத்துக் கிடந்தது. அழவில்லை.

கிராமபோன் இரைந்துகொண்டிருந்தது. குழாயை வாயில் வைத்துச் சளியை உறிஞ்சித் துப்பினாள். முதுகைத் தேய்த்தாள். பாதத்தில் சுண்டினாள். ‘அழு,’ என்று தமிழில் சொன்னாள். ‘அழுடி.’

குழந்தை முகத்தைச் சுளித்தது. பூனைக்குட்டிபோல் ஒரு சத்தம். பிறகு கூரை அதிர வீறிட்டது.

பொன்னுதுரை கிராமபோனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். எல்லாம் முடிந்து அவள் கிளம்பும்போது கையெடுத்துக் கும்பிட்டான். “என்ன வேணும்னாலும் கேளுங்க பிடான். இந்த வீட்ல இருக்கிற எது வேணும்னாலும்.”

சிவகாமசுந்தரியின் பார்வை கிராமபோன் பக்கம் போய்த் திரும்பியது.

“ஒண்ணும் வேண்டாம். பிரசவம் பார்க்கிற வீட்ல நாங்க எதுவும் வாங்கக்கூடாது. பத்து நாளைக்குத் தினமும் வந்து பார்ப்பேன்.”

அன்று வீடு திரும்பியும் அவளால் சாப்பிட முடியவில்லை. கேட்டிருந்தால் அவன் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்திருப்பான். அதனால்தான் கேட்க முடியவில்லை.

மூன்றாம் நாள் அவள் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் கார் நின்றது. இறங்கியவரைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த சோப்பு வழுக்கித் தண்ணீருக்குள் விழுந்தது.

அப்துல் கய்யூம். பின்னாலேயே டிரைவர் ஒரு ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

“இவர் கடையில ரேடியோ விலை கேட்டேன்,” என்று பொன்னுதுரை மனைவியிடம் சொன்னான். அவன் முகம் மலர்ந்திருந்தது. “வெள்ளைக்காரன் சுதந்திரம் கொடுக்கிற மெர்டேக்கா அன்னைக்குக் கோலாலம்பூர்ல நடக்கிறதை நம்ம வீட்லயே கேக்கலாம். பழைய கிராமபோன் இருக்கு, கொக்குப் படம் போட்ட ஒரு தட்டு இருக்குன்னு சொன்னேன். அந்தத் தட்டைக் கொடுத்தாப் போதுமாம்!”

கய்யூம் அறை வாசலில் சிவகாமசுந்தரியைப் பார்த்தார். ஒரு கணம் திகைத்தார். பிறகு தமிழில் தாழ்ந்த குரலில், “மிஸ்ஸி, நீங்க இங்கயா?” என்றார்.

“டூட்டி, நானா,” என்றாள், கடையில் அவரை அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுவதுபோலவே.

“தட்டு இங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?”

அவள் குழந்தையைத் துவட்டத் தொடங்கினாள். கய்யூம் புரிந்துகொண்டார். அதற்குமேல் நேரத்தை வீணாக்கவில்லை. பையிலிருந்து புது ஊசி எடுத்து மாட்டினார். தட்டை விளிம்பில் பிடித்துப் பார்த்தபோது அவர் புருவம் சுருங்கியது. ஓடவிட்டார்.

மழைபோல் இரைச்சல். அதற்கு அடியில் எங்கோ, பக்கத்து ஊரில் யாரோ பாடுவதுபோல் ஒரு முனகல்.

“அடப்பாவிகளா,” என்றார் கய்யூம் தமிழில். “யார் இதை இப்படித் தேய்ச்சது?”

“நான்தான்,” என்றாள் சிவகாமசுந்தரி.

அவர் அவளை நம்பாமல் பார்த்தார். பிறகு தட்டைத் திருப்பினார். மறுபக்கம் கறுத்து மினுமினுத்தது. ஒரு கீறல் இல்லை. அம்மன் பாட்டு ஒரு பக்கத்தில் இருக்கும்போது மறுபக்கத்தை யார் போடப்போகிறார்கள்? இந்த வீட்டில் அது ஓடியதே இல்லை.

ஊசி இறங்கியது.

தனி வயலின் முதலில் வந்தது. பிறகு அக்கா மட்டும், அத்தனை பக்கத்தில், அறைக்குள்ளேயே நிற்பதுபோல்:

‘அக்கா கதவைத் திற – இந்த
மழை என்னைப் பார்க்குது…’

கடைசி வரி முடிந்தது. ஊசியைத் தூக்கிய பிறகும் கய்யூமின் கை அந்தரத்திலேயே நின்றது. பிறகு மலாய்க்கு மாறினார்.

“ஒரு பக்கம் கெட்டுப்போச்சு. இருந்தாலும் பரவாயில்ல. ரேடியோவை இப்பவே வெச்சிட்டுப் போறேன்.”

“சரி, சரி!” என்றான் பொன்னுதுரை.

“சரியில்ல,” என்றாள் பாக்கியலட்சுமி. சுவரில் சாய்ந்து எழுந்து உட்கார்ந்திருந்தாள். “அம்மனை ரேடியோவுக்குக் கொடுப்பீங்களா?”

கய்யூம் சிரித்தார். “இது அம்மன் பாட்டு இல்லம்மா. சும்மா விளையாட்டுப் பாட்டு.”

பாக்கியலட்சுமி அவரை விட்டுவிட்டுச் சிவகாமசுந்தரியைப் பார்த்தாள். “பிடான், உங்களுக்குத் தமிழ் தெரியும். இவர் சொல்றது நிஜமா?”

ஒரு வார்த்தை போதும். அம்மன் பாட்டுதான் என்றால் தட்டு இந்த வீட்டை விட்டு வெளியே போகாது. கய்யூம் கோபப்படுவார், போகட்டும். பத்து நாள் கழித்து நிதானமாக வந்து பேசிக்கொள்ளலாம். குழந்தை அவள் மடியில் கால் உதைத்தது.

“நிஜம்,” என்றாள். “ஒரு மாமா போட்டைப் பிடிக்க ஓடி வர்றார். போட் போயிடுது. மழையில கோட்டு நனையுது. ஒரு பொண்ணு கரையில நின்னு அவரைக் கேலி பண்றா. அதான் பாட்டு.”

பாக்கியலட்சுமியின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அழப்போகிறாள் என்று நினைத்தார்கள். அவள் சிரிக்கத் தொடங்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “கோட்டு நனைஞ்ச மாமாவையா நான் கும்பிட்டேன்? ஐயோ, வலிக்குதே!”

பொன்னுதுரையும் சிரித்தான். “அப்ப கொடுத்துடலாம்ல?”

“இருங்க.” சிரிப்பு நின்றது. அவள் சிவகாமசுந்தரியையே பார்த்தாள். “அன்னைக்கு ஏன் பாட்டை நிறுத்தினீங்க?”

சிவகாமசுந்தரி வாயைத் திறந்தாள். அமைதி வேண்டும் என்று சொன்னதை மறுபடி சொல்ல வரவில்லை.

“நானே சொல்றேன்,” என்றாள் பாக்கியலட்சுமி. “எனக்கு உசிர் போயிட்டிருந்துச்சு. நீங்க என்னைப் பார்க்கல. அந்தத் தட்டைத்தான் பார்த்தீங்க. பாப்பா துணியில சுத்தினீங்க. நான் பார்த்துட்டுத்தான் இருந்தேன்.”

“ஆமா,” என்றாள் சிவகாமசுந்தரி. “இதை நான் பதினாறு வருஷமாத் தேடுறேன். ரொம்ப அபூர்வமான தட்டு. வேற எங்கயும் இருக்கிறதா யாரும் சொல்லல. இந்த ரேடியோவை விட நிச்சயமா மதிப்பு அதிகம்.”

“மிஸ்ஸி!” என்று கய்யூம் தமிழில் வெடித்தார். “யாவாரத்தைக் கெடுக்கிறீங்களே! உங்க ஆறு தட்டுல நாலு நான் தேடிக் கொடுத்தது. இதுதானா பதிலுக்கு?”

“மன்னிச்சிடுங்க நானா. நேராக் கேக்கிறாங்க. என்ன சொல்லச் சொல்றீங்க?”

“அவ்வளவு ஆசை இருந்தும் ஏன் கேக்கல?” என்றாள் பாக்கியலட்சுமி. “அன்னைக்கு இவர் எது வேணும்னாலும் கேளுங்கன்னாரே.”

“நான் உங்களைப் பார்த்துக்க வர்றவ. வர்ற வரைக்கும் கேக்கக்கூடாது. பயந்திருக்கிறவங்க கிட்ட எதைக் கேட்டாலும் கொடுத்துடுவாங்க.”

“பத்து நாளைக்கு அப்புறம்?”

“அப்புறம் நான் யாரோ. வந்து கேக்கலாம். நீங்க இல்லைன்னும் சொல்லலாம்.”

பாக்கியலட்சுமி கை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டாள். பிறகு கய்யூமிடம், “பத்து நாள் முடிஞ்சதும் வாங்க. அதுவரைக்கும் தட்டு இங்கதான் இருக்கும்,” என்றாள்.

“அப்ப ரேடியோ இருக்காதும்மா. மெர்டேக்காவுக்கு ஊரே ரேடியோ கேக்குது. நாளைக்கே வித்துடும்.”

“வித்துக்கோங்க.”

ரேடியோ காருக்குத் திரும்பிப் போனது. பொன்னுதுரை அதன் பின்னாலேயே வாசல் வரை போய்விட்டு வந்து, யாருடனும் பேசாமல் பின்கட்டுக்குப் போய்விட்டான். மனைவியோடு அன்று முழுக்கப் பேசவில்லை என்று மறுநாள் தெரிந்தது.

மிச்ச நாட்களில் சிவகாமசுந்தரி வந்தாள், தொப்புளைப் பார்த்தாள், தாயின் காய்ச்சலைப் பார்த்தாள், போனாள். தட்டு அலமாரியின் மேல் இருந்தது. இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் படியேறும்போதே, இன்று அது இருக்குமா என்று அவள் கண் அலமாரியைத் தேடியது. பொன்னுதுரை பொறுமை இழந்து கய்யூமிடம் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால்? யாராவது அதன்மேல் எதையாவது வைத்திருந்தால்? ஒருநாள் அலமாரி மேல் தட்டைக் காணோம். பல்லி விழுகிறது என்று பாக்கியலட்சுமி அதைத் துணிப்பெட்டிக்குள் எடுத்து வைத்திருந்தாள். அதைக் கேட்கும்வரை குழந்தையின் எடையைக்கூட அவளால் சரியாகப் பார்க்க முடியவில்லை.

பத்தாம் நாள், ஆகஸ்ட் முப்பது. காலையில் கடைசியாகப் பார்த்து, எல்லாம் நலம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். “இனிமே நான் வரமாட்டேன்,” என்றாள். பாக்கியலட்சுமி தலையாட்டினாள்.

மதியம் ஒரு திரிஷா, மூன்று சக்கரச் சைக்கிள் ரிக்ஷா, அந்த வீட்டு வாசலில் நின்றது. சிவகாமசுந்தரி இறங்கினாள். வெள்ளைச் சீருடை இல்லை. சாதாரணப் பச்சைச் சேலை. கையில் அவளுடைய சொந்த ரேடியோ.

படியேறுவதற்கு முன்பே வாசலில் கய்யூமின் காரைப் பார்த்துவிட்டாள். உள்ளே அவர் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அவர் காலடியில் இன்னொரு ரேடியோ. முன்னதை விடப் பெரியது.

“அவர் முதல்ல வந்துட்டார்,” என்றான் பொன்னுதுரை. அவனுக்குக் கூச்சமாக இருந்தது. கண் பெரிய ரேடியோவிலேயே இருந்தது.

சிவகாமசுந்தரி தன் ரேடியோவைத் தரையில் வைத்தாள். அது சின்னது. ஒரு பொத்தான் உடைந்திருந்தது. “எங்கிட்ட இருக்கிறது இதான்,” என்றாள். “நல்லாப் பாடும். சிங்கப்பூர் கூட எடுக்கும். நீங்க அவருக்குக் கொடுத்தாலும் எனக்கு வருத்தமில்லைன்னு சொல்லமாட்டேன். வருத்தமாத்தான் இருக்கும்.”

தெருவில் இளைஞர்கள் கூட்டமாக “மெர்டேக்கா!” என்று கத்திக்கொண்டு போனார்கள். குழந்தை திடுக்கிட்டு விழித்தது.

பாக்கியலட்சுமி கணவனைப் பார்த்தாள். “நீங்கதான் ரேடியோ கேக்கப் போறவர். சொல்லுங்க.”

பொன்னுதுரை பிடரியைச் சொறிந்தான். பெரிய ரேடியோவைப் பார்த்தான். மெதுவாகக் குனிந்து, சிவகாமசுந்தரியின் ரேடியோவைத் தூக்கி மேசைமேல் வைத்தான்.

“அன்னைக்கு நான் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணிட்டுத் திரும்பி வந்தப்போ,” என்றான் கய்யூமிடம், “பிடான் ஒரு கையால பாட்டுப் போட்டுக்கிட்டு, ஒரு கையால இவளைப் பிடிச்சுக்கிட்டு இருந்தாங்க. அவங்களுக்கு அந்தத் தட்டு என்னன்னு அப்பவே தெரிஞ்சிருக்கு. எனக்கு இப்பத்தான் தெரியுது. கோவிச்சுக்காதீங்க முதலாளி.”

கய்யூம் காப்பியைக் குடித்து முடித்தார். எழுந்து, சிவகாமசுந்தரியைத் தாண்டிப் போகும்போது நின்றார். “சிங்கப்பூர்ல ஒருத்தனுக்கு இந்தத் தட்டைத் தர்றேன்னு வாக்குக் கொடுத்துட்டேன், மிஸ்ஸி. என் பேர் கெட்டுப்போச்சு. இனிமே என் கடைக்கு வராதீங்க.” படியிறங்கிவிட்டார். அதில் விளையாட்டு இல்லை. அதன்பிறகு பல வருஷம் அவர் அவளோடு பேசவில்லை.

பாக்கியலட்சுமி துணிப்பெட்டியைத் திறந்து தட்டை எடுத்தாள். பழைய சாரோங் ஒன்றில் சுற்றி வைத்திருந்தாள். “தேய்ஞ்ச பக்கம் என்னுது,” என்றாள். “நல்ல பக்கம் உங்களுது. பாப்பா பெரிசானதும் என் பக்கத்தைப் போட்டுக் காட்டணும். ஒண்ணும் கேக்காதுன்னாலும் போடணும்.”

“போடுறேன்.”

திரிஷாவில் ஏற அவளுக்குப் பயமாக இருந்தது. தெருவெல்லாம் கூட்டம், லாரிகளில் கொடி, பட்டாசு. ஒரு குழியில் சக்கரம் இறங்கினால் அரக்குத் தட்டு இரண்டாகப் போய்விடும். திரிஷாக்காரனை அனுப்பிவிட்டு, சாரோங் மூட்டையை நெஞ்சோடு இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நடந்தாள். முச்சந்தியில் கூட்டம் அவளை ஒரு கடைச் சுவரோடு நெருக்கியது. முதுகைக் கூட்டத்துக்குக் காட்டி, சுவரைப் பார்த்து வளைந்து நின்றாள். யாரோ முழங்கையால் இடித்தார்கள். பற்களைக் கடித்துக்கொண்டாள். லாரி போய், நெரிசல் தளர்ந்ததும் மூட்டையை விரலால் தடவிப் பார்த்தாள். விளிம்பு முழுசாக இருந்தது. அதற்குப் பிறகுதான் மூச்சு விட்டாள்.

மறுநாள் காலை அக்கம்பக்கத்து வீடுகளிலெல்லாம் ரேடியோ அலறியது. கோலாலம்பூரில் மழையாம், விழா தாமதமாம். “மிஸ்ஸி, இங்க வாங்க, கேக்கலாம்!” என்று பக்கத்து வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். வருகிறேன் என்று பதில் சொல்லிவிட்டு அவள் ஜன்னலைச் சாத்தினாள். நல்ல பக்கத்தை மேலே வைத்து ஊசியை இறக்கினாள்.

அக்கா பாடினாள். இரண்டாம் சரணத்தில் தங்கை சேர்ந்துகொண்டாள். இந்தப் பாட்டில் அவள் சிரிக்கவேயில்லை. சிவகாமசுந்தரி அதைக் கவனித்துக்கொண்டே இருந்தாள். கடைசி வரி வரும்போது தெருவெங்கும் கரகோஷம் எழுந்து பாட்டை மூடிவிட்டது. எந்த வீட்டு ரேடியோவிலும் ஒரே ஆரவாரம்.

ஊசியைத் தூக்கிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். ஏழும் கிடைத்துவிட்டன. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் இனிமேல் தேட ஒன்றுமில்லை என்பதும் அப்போதுதான் தோன்றியது. அந்த எண்ணம் பிடிக்கவில்லை. எழுந்து முகம் கழுவி, பச்சைச் சேலையைச் சரிசெய்துகொண்டு, பக்கத்து வீட்டுக்கு ரேடியோ கேட்கப் போனாள்.